எப்சிபா டீச்சர் பக்கத்து மழை

அண்ணாச்சி, தகர ஷீட்டு இருக்கா? நல்லாச் சத்தம் போடுத தகரமாப் பாத்து எடுங்க.

ஆமா, சத்தம் போடுததுதான். நீங்க சரியாத்தான் கேட்டிய. வாரவங்க எல்லாரும் சத்தம் வராத தகரம்தான் கேப்பாங்க, இந்தப் பொம்பளை என்ன தலைகீழாக் கேக்குதான்னு பாக்கிய. அடியில பஞ்சு ஒட்டினது ஒண்ணு காட்டுதியளே, அதைக் கொண்டு உள்ள வைங்க. எனக்கு அது ஆகாது. சத்தமே வராத கூரை ஒண்ணு எங்க ஸ்கூல்ல ஏற்கெனவே இருக்கு. அதை வர வச்சதே நான்தான். அந்த வயித்தெரிச்சல்லதான் இன்னைக்கு உங்க கடையில வந்து நிக்கேன்.

அந்த ஸ்டூலை இங்கிட்டுப் போடுங்க, உக்காந்துக்கிடுதேன். சாரல் விட்டாத்தான் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியும். உங்களுக்கும் இந்த மழையில வேற ஆள் வரப்போறதில்ல. கேளுங்க, நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

என் பேரு ஆவுடையம்மா. மலையடிவாரத்துல ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம், அதுல மூணாங் கிளாஸ் டீச்சர். ஊருக்குள்ள போய் ஆவுடையம்மான்னு கேட்டா முழிப்பாங்க. மைக்செட் டீச்சர்னு கேளுங்க, வீட்டு வாசல்ல கொண்டு விட்டுருவாங்க. என் தொண்டை அப்படி. நான் கிளாஸ்ல நின்னு வாய்ப்பாடு சொன்னா, வாய்க்காலுக்கு அங்கிட்டு நாத்து நடுத பொம்பளைய சேந்து சொல்லுவாங்க. வெளையாட்டுக்குச் சொல்லல. ஒருநாள் நான் ஏழாம் வாய்ப்பாட்டுல தும்மிட்டேன், வயல்லேருந்து ஒருத்தி மிச்சத்தைச் சொல்லி முடிச்சா.

எங்க ஸ்கூலு அப்ப தகரக் கொட்டகை. நீளமா ஒரே ஹால். மேக்கோரத்துல என் மூணாங் கிளாஸு, கிழக்கோரத்துல நாலாங் கிளாஸு. நடுவுல சுவர் கிடையாது. கால் வச்ச கரும்பலகை ஒண்ணு நிக்கும், அதுதான் எல்லை. முன்னால அந்தப் பக்கம் பரமசிவம் சார் இருந்தாரு. தங்கமான மனுஷன், பாதி நேரம் தூங்கிருவாரு. அவர் கிளாஸுப் பிள்ளையளும் என் பாடத்தைத்தான் கேக்கும். பலகைக்கு அந்தாண்ட இருந்து எட்டி எட்டிப் பாக்கும். எனக்குச் சந்தோஷமா இருக்கும். ஏன் இருக்காது? ரெண்டு கிளாஸும் ஒருத்தி வாயைப் பாத்தா யாருக்குத்தான் சந்தோஷமா இருக்காது?

அவரு ரிட்டையர் ஆகிப் போனாரு. வந்து சேந்தா எப்சிபா.

சின்னப் பிள்ளை. ஒல்லி. அவ பேசினா பக்கத்துல நிக்க ஆளுக்குக் கேக்காது. மொத நாளு என்கிட்ட வந்து என்னமோ சொன்னா. "என்னது?"ன்னு கேட்டேன். மறுபடி சொன்னா. மறுபடி "என்னது?"ன்னேன். கடைசியில பாத்தா, "வணக்கம் டீச்சர்"ன்னு சொல்லியிருக்கா. எனக்கு அவளைப் பாக்கப் பாவமாத்தான் இருந்தது, பொய் சொல்லப்படாது. இந்தக் குரலை வச்சுக்கிட்டு இவ எப்படி நாலாங் கிளாஸை மேய்க்கப் போறான்னு கவலைகூடப் பட்டேன். வெயில் அடிச்ச வரைக்கும் நான் நினைச்சது சரியாத்தான் இருந்தது. நான் இங்க பாட்டு நடத்துனா அங்க அவ பிள்ளைய தாளம் போடும். அவ பேசாம நின்னு சிரிப்பா.

அப்புறம் சாரல் தொடங்கிச்சு.

அண்ணாச்சி, நீங்க மழைக்குள்ள பிள்ளையளைப் பாத்திருக்கியளா? தகரத்துக்கு அடியில? பாத்திருக்க மாட்டிய, நீங்க தகரத்தை விக்கவரு. எங்க ஊர்ப் பிள்ளையளுக்கு மழை வருதுன்னு மேகம் பாத்துத் தெரிய வேண்டாம். ஜன்னல்ல மலை தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். திடீர்னு மலையைக் காணாது. "மலை போச்சு"ன்னு ஒருத்தன் சொல்லுவான். அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒரு பிள்ளையும் நம்ம கையில இல்ல. எல்லாம் மேல பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும், மொதத் துளி எங்க விழும்னு. டொக்குன்னு ஒண்ணு விழும். "என் தலைக்கு மேல!"ன்னு ஒருத்தி கத்துவா. "இல்ல, எனக்கு!"ன்னு இன்னொருத்தன். அதுக்கே ஒரு அடிதடி. அதுக்குள்ள ஹோன்னு எல்லாம் ஒண்ணாக் கொட்டிரும்.

பிறகு பாக்கணுமே. ரெண்டு காதையும் உள்ளங்கையால பொத்திப் பொத்தி எடுக்கும். அப்படிச் செஞ்சா மழை 'வவ்வவ்வ'ன்னு பேசுமாம். ஒழுகுத இடத்துக்கெல்லாம் சத்துணவுத் தட்டைக் கொண்டு வைக்கும். எவன் தட்டு முதல்ல நிறையுதுன்னு பந்தயம். இந்த ஆம்பளைப் பயலுவ இருக்கானுவளே, யாருக்கும் கேக்காதுங்கிற தைரியத்துல வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லுவானுவ. சுடலைமணின்னு ஒருத்தன், "ஏ மைக்செட்டு! மைக்செட்டு!"ன்னு தொண்டை கிழியக் கத்துதான். நான் அவனுக்குப் பின்னாலதான் நிக்கேன்.

இதெல்லாம் பரவாயில்ல. பிள்ளைய பிள்ளையளாத்தான் இருக்கும். நான் அதுக்கெல்லாம் அசருத ஆளில்ல. மழை கூடக் கூட நானும் தொண்டையைக் கூட்டுவேன். தகரமா நானான்னு பாத்துருவோம்னு நிப்பேன்.

ஆனா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, நான் அடிவயித்துலேருந்து கத்திக்கிட்டிருக்கேன், என் பிள்ளைய ஒண்ணொண்ணா அங்கிட்டுத் திரும்புது. பலகைக்கு அந்தாண்ட என்னதான் நடக்குதுன்னு நானும் எட்டிப் பாத்தேன்.

எப்சிபா பேசுதா. சத்தமே இல்லாம. வாய் மட்டும் அசையுது. கண்ணு, புருவம், விரலு எல்லாம் பேசுது, தொண்டை மட்டும் பேசல. அவ ஒரு வார்த்தையை உதட்டால சொல்லுவா, பிள்ளைய அதைப் பாத்துக் கண்டுபிடிச்சு சிலேட்டுல எழுதித் தூக்கிக் காட்டும். 'அணில்'னு ஒரு பிள்ளை எழுதியிருக்கு. 'ஆனி'ன்னு இன்னொண்ணு. அவ தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கா. பிள்ளைய குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கு. அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்ல, மழை முழுங்கிருச்சு. அந்தப் பக்கம் பூராவும் அப்படி ஒரு அமைதி அண்ணாச்சி. என் பக்கம் மட்டும்தான் சத்தம்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. வேற என்ன சொல்ல?

சரி, மத்த பிள்ளைய திரும்பட்டும். எனக்கு இசக்கின்னு ஒரு பிள்ளை இருக்கா. மொத பெஞ்சு. நான் எழுதச் சொன்னா எழுதுவா, நிக்கச் சொன்னா நிப்பா. நான் இடுப்புல கைய வச்சா அவளும் இடுப்புல கைய வப்பா. வீட்டுல போய் அவ அம்மாவை உக்கார வச்சு எனக்கு மாதிரியே பாடம் எடுப்பாளாம், அவ அம்மா சந்தையில என்னைப் பாத்துச் சொல்லிச் சிரிச்சா. எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அதுக்காகச் சொல்லல, சும்மா சொல்லுதேன். வருஷத்துக்கு ஒரு பிள்ளை அப்படி அமையும், அந்த வருஷம் எனக்கு இசக்கி. அவ மட்டும் திரும்ப மாட்டான்னு அவளையே பாத்துக்கிட்டுக் கத்துதேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. நெளிஞ்சா. பென்சிலைக் கீழ போட்டா. எடுக்கக் குனிஞ்சா. குனிஞ்ச பிள்ளை நிமிரும்போது அந்தப் பக்கம் பாத்துல்ல நிமிருதா!

பென்சில் ஒரு சாக்கு. எனக்குத் தெரியாதா?

அதுலேருந்து மழை வந்தாலே எனக்கு ஆகாது. ஊரே சாரலுக்குக் காத்துக்கிடக்கும், குளத்துக்குத் தண்ணி வரணும்னு. நான் மட்டும் காலையில எந்திரிச்சு மலை தெரியுதான்னு பாப்பேன். தெரிஞ்சா நிம்மதி. மேகம் இறங்கினா அன்னைக்கு எப்சிபாவோட நாளு. பிள்ளைய உரச்சாக்கைத் தலையில மாட்டிக்கிட்டு, நனைஞ்ச கோழி மாதிரி வரும். முன்னயெல்லாம் மழைன்னா பாதிப் பிள்ளைய லீவு போட்டுரும், தெரியுமா? இவ வந்த பிறகு மழைன்னாத்தான் எல்லாம் வருது. காய்ச்சக்காரப் பிள்ளைகூட வருது! ஹெச்.எம். சார் ஆபீஸ்லேருந்து வந்து பாத்துட்டு, "மழைநாள்ல இவ்வளவு வருகையா, பரவாயில்லையே"ன்னு சொன்னாரு. அவளைப் பாத்துத்தான் சொன்னாரு. என் கிளாஸுலயும் எல்லாப் பிள்ளையும் வந்திருந்துச்சு, என்னைப் பாத்துச் சொன்னா என்ன குறைஞ்சா போவாரு?

அதைவிட ஒண்ணு. பிள்ளைய அந்த வித்தையைக் கத்துக்கிட்டுதுங்க. என் பக்கத்துக் கடைசி பெஞ்சுலேருந்து அவ பக்கத்து மொத பெஞ்சுக்கு உதட்டால பேசுதுங்க. என் கண்ணு முன்னாலயே. நான் நடுவுல நிக்கேன், எனக்கு ஒண்ணும் புரியல. என்னைப் பத்தித்தான் பேசியிருக்கும், வேற எதைப் பத்திப் பேசப் போகுது?

இதை நீ எங்க கத்துக்கிட்டன்னு ஒருநாள் அவகிட்டக் கேட்டுட்டேன். அவ அம்மாவுக்குக் காது கேக்காதாம், பிறந்ததுலேருந்தே. வீட்டுல எல்லாரும் உதட்டாலதான் பேசுவாங்களாம். அதனாலதான் குரலைக் கூட்டிப் பேசிப் பழக்கமே இல்லன்னு சொன்னா. சொல்லும்போது அவ கண்ணுல லேசாத் தண்ணி. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எங்க அம்மாவுக்கு நாலு தெரு தள்ளிப் பேசுததுகூடக் கேக்கும். எனக்குன்னு ஒரு கொடுப்பினை உண்டா? ஒவ்வொருத்திக்கு வீட்டுலயே எல்லாம் அமைஞ்சிருது.

என்ன, அப்படிப் பாக்கிய? தப்பாச் சொல்லிட்டேனா? சரி, விடுங்க.

நான் சும்மா இருந்திருப்பேன். ஐப்பசி அடைமழையில என் தொண்டை போச்சு. போச்சுன்னா சுத்தமாப் போச்சு. காத்துதான் வருது. டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "கொஞ்ச நாளைக்கு வாயைத் தொறக்கவே கூடாது, மீறினா குரல் திரும்பாது"ன்னுட்டாரு. மறுநாளு பள்ளிக்கூடம் போறேன், எப்சிபா வந்து ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு நீட்டுதா. கூட ஒரு பிளாஸ்க்குல வெந்நீரு. "நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர், ரெண்டு கிளாஸையும் நான் பாத்துக்கிடுதேன்"ன்னா. அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு எனக்கு. பனங்கற்கண்டைக் குடுத்துட்டு என் கிளாஸை எடுத்துக்கிட்டா, பாத்தியளா? நடுவுல நின்ன பலகையை அவளும் பிள்ளையளுமாச் சேந்து ஓரமா நகத்தி வச்சாங்க. இசக்கி ஒரு காலைப் பிடிச்சுத் தூக்குனா.

நான் ஓரமா நாற்காலியில உக்காந்து வெந்நீர் குடிச்சேன். மேல தகரம் ஹோன்னு அடிக்கு, கீழ ரெண்டு கிளாஸுப் பிள்ளையும் அவ உதட்டையே பாத்துக்கிட்டு இருக்கு. கற்கண்டு நல்ல கற்கண்டுதான். உடன்குடிச் சரக்கு. அதுவும் ஒரு எரிச்சல்.

அங்க உக்காந்துதான் மேல பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சுது. இந்தத் தகரம் இருக்கப் போய்த்தானே இவளுக்கு இவ்வளவு மவுசு? தகரம் போனாச் சத்தம் போகும். சத்தம் போனா என் குரல்தான் நிக்கும். கூடவே நடுவுல ஒரு சுவரும் எழும்பிட்டா முடிஞ்சுது கதை.

குரல் திரும்புனதும் கிராம சபைக் கூட்டத்துக்குப் போனேன். அன்னைக்குத்தான் என் தொண்டைக்குச் சரியான வேலை. "இந்தத் தகரம் காத்துல பிச்சுக்கிட்டு வந்து ஒரு பிள்ளை தலையில விழுந்தா யாரு பதில் சொல்லுதது?"ன்னு கேட்டேன். மைக்கை வேண்டாம்னு ஒதுக்கிட்டுக் கேட்டேன். பொம்பளைய எல்லாம் கை தட்டுனாங்க, ஒருத்தி அழுதே போட்டா. தலைவரு எந்திரிச்சு நின்னு பதில் சொன்னாரு. யூனியன் ஆபீஸுக்கு நடந்தேன். வட்டாரக் கல்வி அலுவலர் என்னைக் கண்டாலே பின் வாசல் வழியாப் போகப் பாப்பாரு. விடல. நாயா அலைஞ்சேன். கடைசியில கான்கிரீட்டுக் கட்டடம் வந்துச்சு. மூணாங் கிளாஸுக்குத் தனி ரூமு, நாலாங் கிளாஸுக்குத் தனி ரூமு. நடுவுல சுவர். எவ்வளவு கனத்துல கட்டணும்னு கொத்தனாரு என்கிட்ட வந்து கேட்டாரு, "உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு"ன்னேன்.

திறப்பு விழாவுல எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. பிள்ளையளோட உயிரைக் காத்த தாய்னு பேசினாங்க. எப்சிபா மேடைக்கு வந்து என் கையைப் பிடிச்சு, "உங்களை மாதிரி யாரு டீச்சர் பிள்ளையளுக்காக இப்படி அலைவா?"ன்னா. அந்தச் சின்னக் குரல்ல. நான் நல்லா நிமிந்து நின்னு போட்டோவுக்குச் சிரிச்சேன். ஜெயிச்சிட்டோம்னுதான் நினைச்சேன்.

இந்த வருஷம் சாரல் வந்துச்சு. இசக்கி இப்பவும் எனக்குத்தான், ஹெச்.எம். சார் மூணையும் நாலையும் மாத்திப் போட்டாரு, என் பிள்ளையளோட நானும் நாலாங் கிளாஸுக்கு வந்துட்டேன். எப்சிபா மூணாங் கிளாஸுக்குப் போயிட்டா. எல்லாம் நான் கேட்டு வாங்குனதுதான், அந்தக் கதை வேற.

மலை மறைஞ்சுது. நான் பாடம் நடத்துதேன். என் குரல் நாலு சுவத்துலயும் பட்டுத் திரும்பி வருது, எனக்கே கேக்க ஆசையா இருக்கு. பிள்ளைய மேல பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. வெள்ளை அடிச்ச கூரை. ஒண்ணும் விழல. ஒண்ணும் கேக்கல.

இசக்கி எந்திரிச்சா. "டீச்சர், மழை பெய்யுதா?"

"பெய்யுதுட்டி. ஜன்னல்ல பாரு."

"பாத்தேன் டீச்சர். சும்மா பெய்யுது."

சும்மா பெய்யுதாம்! நான் வாங்கிக் குடுத்த கட்டடத்துல மழை சும்மா பெய்யுதாம்.

கொஞ்ச நேரத்துல சுடலைமணி ஒன்னுக்குப் போணும்னான். சரின்னேன். அடுத்து ஒருத்தன் போனான். பிறகு ரெண்டு பொம்பளைப் பிள்ளைய. மழைக்குளிருக்கு வரத்தான் செய்யும்னு விட்டேன். போனது ஒண்ணும் திரும்பல. கடைசியா இசக்கி விரலை நீட்டுனா. அவ கண்ணைப் பாத்தேன், எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் விட்டேன். அவளும் வரல. திரும்பிப் பாத்தா, கிளாஸுல நானும் கரும்பலகையும்தான் இருக்கோம்.

எங்க போயிருக்கும்? எப்சிபாகிட்டத்தான்! அந்த மூணாங் கிளாஸுக்குள்ளதான் போயிருக்கும்! கொலைவெறியோட வராந்தாவுல ஓடுதேன். அவ ரூமை எட்டிப் பாத்தா... அவளும் தனியா உக்காந்திருக்கா. ஒத்தப் பிள்ளை இல்ல. சாக்பீஸைக் கையில வச்சு உருட்டிக்கிட்டு, ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கா.

அண்ணாச்சி, எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! பொன்னாடை போத்தினப்பக்கூட அப்படி வரல. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அதுக்குள்ள எனக்குத் தோணுச்சு: அவகிட்டயும் இல்லன்னா, பின்ன பிள்ளைய யாருகிட்டத்தான் இருக்கு?

சத்துணவுக் கூடம் மட்டும் பழைய தகரத்துலயே விட்டிருந்தோம். அடுப்படிதானேன்னு அதுக்கு நான் மனு குடுக்கல. அங்கேருந்து ஹோன்னு சத்தம் வருது. ரெண்டு பேரும் குடையில்லாம ஓடிப் போய் வாசல்ல நின்னு பாத்தோம்.

எல்லாப் பிள்ளையும் அங்கதான் நிக்கு. சாம்பார்க் கொப்பரைக்கும் விறகுக்கும் நடுவுல, புகைக்குள்ள, ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கு. சமையல்கார பேச்சித்தாய்க்கு வாயெல்லாம் பல்லு. "என் அடுப்படிக்கு வந்துட்டுது பாத்தியளா டீச்சர்!"ன்னு கரண்டியைத் தூக்கிக் காட்டுதா. அவ மேலயும் எனக்கு எரிச்சல் வந்துச்சு. அவளுக்கு என்ன தெரியும், உப்புக்கூட அளந்து போடத் தெரியாது.

அப்பத்தான் பாத்தேன். கவுத்தி வச்ச அண்டா மேல இசக்கி ஏறி நிக்கா. பாவாடை நுனியை எடுத்துத் தோள்ல போட்டு முந்தானை மாதிரிச் சொருகியிருக்கா. ஒரு கை இடுப்புல. இன்னொரு கையில விறகுக் குச்சி. வாயை அகலமாத் தொறந்து, கழுத்து நரம்பு புடைக்க, வாய்ப்பாடு சொல்லுதா. சத்தமே இல்ல. நடுவுல ஒரு தும்மல் தும்முதா, அதுக்கும் சத்தம் இல்ல. நான்தான் அது. அச்சு அசலு நான்தான். இல்லாத மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணுதது முதக்கொண்டு நான்தான்.

பிள்ளைய எல்லாம் அவ வாயையே பாத்துக்கிட்டு நிக்கு. ஒரு பிள்ளை கண்ணைச் சிமிட்டல. ஏழாம் வாய்ப்பாடு, எல்லாருக்கும் புரியுது, எல்லாரும் உதட்டால கூடவே சொல்லுதுங்க. நான் தொண்டை ரத்தம் வரக் கத்தின காலத்துல, மழைக்குள்ள ஒருநாளும் என் வாயை அப்படிப் பாத்ததில்ல அண்ணாச்சி. ஒருநாளும் இல்ல.

கேலி பண்ணுதாளேன்னு மொதல்ல கோவந்தான் வந்துச்சு. பிறகு பாத்தா, அது கேலி மாதிரியும் தெரியல. கேலின்னா பிள்ளைய சிரிக்கும்லா? ஒண்ணும் சிரிக்கல. அந்தப் பிள்ளை மேலயே எனக்குப் பொறாமை வந்துட்டுன்னா பாத்துக்கிடுங்க. என்னை மாதிரி நின்னு, என்னைவிட நல்லாப் பண்ணுதாளே!

எப்சிபா பக்கத்துல நின்னா. அவளும் நனைஞ்சு போய் நிக்கா. அவ என்னைப் பாத்து உதட்டை அசைச்சு என்னமோ சொன்னா. சின்னதா, ஒரே ஒரு வார்த்தை. எனக்குப் புரியல. மறுபடி சொன்னா. சுடலைமணிக்குப் புரிஞ்சு அவன் தலையாட்டுதான், எனக்குப் புரியல. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா, எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் தலையைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

அதான் தகரம். என் ரூமு ஜன்னலுக்கு மேல, வெளிப்பக்கமா, சாய்வா ஒரு தகரம் அடிக்கப் போறேன். வெயிலுக்குன்னு ஹெச்.எம்.கிட்டச் சொல்லியாச்சு. மழை வந்தா அது மேல விழணும், ஹோன்னு அடிக்கணும். பிள்ளைய ஒன்னுக்குன்னு சொல்லிட்டு ஓடாம என் கிளாஸுலயே இருக்கணும். நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு, வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிப்பேன். எனக்கு வராதா? இசக்கிக்கு வந்துச்சு, எனக்கு வராதா? வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வீட்டுக்காரரு பல்வலியான்னு கேக்காரு.

அந்த மெல்லிசு தகரத்தைக் கொஞ்சம் தட்டிக் காட்டுங்க. இன்னும் ஓங்கி. ஆங், இதுதான். இதை எடுத்து வைங்க.

என்னது? கேக்கல. உங்க கடைத் தாழ்வாரத்துல மழை இப்படிக் கொட்டுது பாருங்க, எங்க பழைய கொட்டகை மாதிரியே. என்ன சொல்லுதிய? கத்தாதிய அண்ணாச்சி, கத்தினா தொண்டைதான் போகும், நான் பட்டிருக்கேன். மெதுவா, வாயை நல்லாத் தொறந்து, என்னைப் பாத்துச் சொல்லுங்க. இன்னொரு தடவை.

ரெண்டா? ரெண்டு ரூமுக்கும் ரெண்டான்னுதானே கேக்கிய?

அட! புரிஞ்சிருச்சே! எனக்குப் புரிஞ்சிருச்சே அண்ணாச்சி! அப்ப அன்னைக்கு அவ சொன்னது... இருங்க, அவ வாய் எப்படிப் போச்சு? முதல்ல உதடு குவிஞ்சுது, பிறகு ரெண்டு உதடும் ஒண்ணாச் சேந்து பிரிஞ்சுது. போவோமா. 'போவோமா'ன்னுதான் கேட்டிருக்கா. உள்ள போவோமா டீச்சர், பிள்ளையளோட போய் நிப்போமான்னு கேட்டிருக்கா. நான் ஒருத்தி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்திருக்கேன்.

சரி சரி. ரெண்டாவே போடுங்க. அவ ரூமு ஜன்னலும் மொட்டையாத்தான் கிடக்கு, பாவம், தனியா சாக்பீஸை உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

ஏய் ஏய், நில்லுங்க, அந்த மெல்லிசுலேருந்து ரெண்டு எடுக்காதிய. எனக்கு மட்டும்தான் அது. அவளுக்கு அந்தக் கனமான தகரத்துல ஒண்ணு எடுங்க. கொஞ்சம் சத்தம் கம்மியா இருக்கட்டும்.